கால் பார்க்கிறவர்கள்

1

வில்லாபுரத்தில் கபடி ஆடும் பையனுக்குக் கணுக்கால் பிசகினால் அவன் முதலில் போவது டாக்டரிடம் அல்ல. ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கிய ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக் காலில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவான். ராத்திரி வீங்கிவிட்டால் அம்மா புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவார். மறுநாள் சுளுக்கு எடுக்கிற தாத்தாவைத் தேடிப் போவார்கள். அவர் நல்லெண்ணெயைத் தொட்டு உருவுகிற உருவலில் தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால் 'புத்தூர் கட்டு' என்று போர்டு போட்ட இடம். மூங்கில் பத்தை, துணி, முட்டை வெள்ளைக்கரு. ஒரு மாதம் கழித்தும் நொண்டினால்தான் "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்திருவோம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் அந்தப் பையன் ரெண்டு மேட்ச் ஆடியிருப்பான்.

இந்த வரிசையில் ஒரு ஆள் குறைகிறார். அடிபடுகிற நேரத்தில் ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய ஆள். இது சுளுக்கா, எலும்பு முறிவா, ஜவ்வு கிழிந்ததா என்று அந்த இடத்திலேயே ஓரளவு சொல்லத் தெரிந்தவர். "நீ உக்காரு, இன்னிக்கு ஆடக் கூடாது" என்று கோச்சையும் மீறிச் சொல்லும் உரிமை உள்ளவர். அடிபட்டபின் மாதக்கணக்கில் கூடவே இருந்து திரும்ப ஓட வைக்கிறவர். அமெரிக்காவில் இவருக்கு 'அத்லெட்டிக் டிரெய்னர்' என்று பெயர். தமிழில் இந்த ஆளுக்குப் பெயரே இல்லை. 'டிரெய்னர்' என்று சொன்னால் ஜிம்மில் தம்புள்ஸ் தூக்கச் சொல்லித் தருகிறவர் என்றுதான் நாம் நினைப்போம்.

இதை எழுதுவதற்குக் காரணம் எங்கள் பகுதியிலேயே இருக்கும் ரெண்டு பேர். ஒரு பெண் எம்.பி.எட். படிக்கிறாள், முன்னாள் கோ-கோ ஆட்டக்காரி. அவளுடைய அம்மா பத்தி உருட்டுகிறவர். வில்லாபுரத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாசனையும் தெரிந்திருக்கும். இன்னொருவன் பி.பி.டி. முடித்துவிட்டு விளையாட்டு பிசியோதெரபியில் முதுகலை சேர்ந்திருக்கிறான். ரெண்டு பேருக்கும் ஆசை ஒன்றுதான்: விளையாடுகிறவர்களோடு இருக்க வேண்டும், அவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணே, படிச்சு முடிச்சா நாங்க யாரு? பி.டி. டீச்சரா, கோச்சா, நர்ஸா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. தேடத் தேட அது மதுரையிலிருந்து சைதாப்பேட்டைக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் கான்சாஸுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இந்த ஆள் ஒருகாலத்தில் இருந்தார். அவர் பெயர் ஆசான்.

சிலம்பம், அடிமுறை, வர்மம் ஆகிய மூன்றையும் சொல்லிக்கொடுத்த மரபில், அடிக்கச் சொல்லித் தருகிறவரே அடிபட்டதை ஆற்றவும் செய்வார். தென்குமரிப் பகுதியில் வர்ம ஆசான்கள் 108 வர்மப் புள்ளிகள் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எந்த இடத்தில் அடித்தால் ஆள் சாய்வான் என்று தெரிந்தவருக்கு, சாய்ந்தவனை எழுப்பும் 'இளக்குமுறை'யும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் விதி. தடவுமுறை, எண்ணெய், கட்டு, பத்தியம் எல்லாம் அதே ஆளிடம்தான். சிலம்ப வாத்தியார் வீட்டுத் திண்ணையே பயிற்சிக் களம், அதுவே ஆஸ்பத்திரி.

இதை வைத்து 'அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது' என்று பெருமை பேசுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆசானின் அறிவு குருவழியில், பல சமயம் ரகசியமாகவே கைமாறியது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வெளியே வைத்துச் சோதித்துப் பார்க்கும் வழி அதில் குறைவு. எலும்பு முறிந்த காலை உருவினால் என்ன ஆகும் என்று நமக்கு இப்போது தெரியும். நான் இங்கே கவனிப்பது மருந்தையல்ல, அந்த அமைப்பை. பயிற்சி கொடுக்கிற கையும் தடவுகிற கையும் ஒன்றாக இருந்தன. சீடனின் உடம்பு எங்கே பலம், எங்கே பலவீனம், போன வருடம் எந்தத் தோள் இறங்கியது என்பதெல்லாம் ஒரே ஆளின் நினைவில் இருந்தது.

உலகம் முழுக்கவும் தொடக்கம் இப்படித்தான். கிளாடியேட்டர்களுக்கு மருத்துவம் பார்த்துத்தான் காலன் என்ற கிரேக்க மருத்துவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் தன் தொழிலைத் தொடங்கினார். உடைந்த உடம்புகளிலிருந்துதான் அவர் உடற்கூறு கற்றார். சண்டை போடுகிற இடத்தில் வைத்தியனும் இருப்பான் என்பது பழைய வழக்கம். அந்த ரெண்டு கைகளும் எப்போது பிரிந்தன என்பதுதான் கதை.

3

நம் பள்ளிக்கூடங்களுக்குள் உடற்பயிற்சி நுழைந்தபோது அதன் பெயர் 'டிரில்'. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். லெஃப்ட், ரைட், அட்டென்ஷன். டிரில் மாஸ்டர் என்ற சொல் தமிழில் இன்னும் கொஞ்சம் பயத்தோடுதான் ஒலிக்கிறது. சிப்பாய்க்கு வரிசை முக்கியம், வரிசையில் நிற்கிற தனிப் பிள்ளையின் முட்டி முக்கியமில்லை.

இதை மாற்ற வந்தவர் ஹாரி குரோ பக். 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ கல்லூரியில் படித்தவர். அது சாதாரணக் கல்லூரி இல்லை. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் ஒரு கூடையைச் சுவரில் மாட்டி பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தது அங்கேதான். மனம், உடல், ஆன்மா மூன்றும் சேர்ந்த முக்கோணம் என்பது அவர்கள் கொள்கை. பக் 1919இல் மதராசுக்கு வந்தார். 1920இல் உடற்கல்விக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சைதாப்பேட்டைக்கும் நந்தனத்துக்கும் இடையில் அடையாற்றங்கரையில் இன்றும் நிற்கிற ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். இந்தியாவிலும் ஆசியாவிலும் இந்தத் துறையில் முன்னோடியான கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலோடு நின்ற எத்தனையோ பி.டி. வாத்தியார்களின் வம்சாவளி அங்கே போய் முடியும்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பக்கும் போனார். இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927இல் உருவாவதற்கு டோராப்ஜி டாட்டா, ஒய்எம்சிஏவின் நோரென் ஆகியோரோடு சேர்ந்து அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த பாரிஸ் அணியில் எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு: சி.கே. லட்சுமணன். கண்ணூர்க்காரர், 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவர். பிறகு ராணுவ மருத்துவரானார், இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். ஒரே அணியில் பயிற்சி கொடுக்கிற பக் இருந்தார், மருத்துவராகப் போகிற ஓட்டக்காரர் இருந்தார். இந்திய விளையாட்டு அந்த இரண்டு துறைகளையும் அப்போதே சேர்த்து வைத்திருக்கலாம். சேரவில்லை. பக் உருவாக்கியது ஆசிரியர்களை. லட்சுமணன் போனது ஆஸ்பத்திரி உலகத்துக்கு. அவரவர் வழி அவரவருக்கு.

பக்கைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்துத் தேவை அது. லட்சக்கணக்கான பிள்ளைகள், விளையாட்டென்றால் என்னவென்று தெரியாத பள்ளி நிர்வாகங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். முதலில் பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்க வேண்டும். அடிபட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உடற்கூறியலும் உடலியங்கியலும் முதலுதவியும் இந்தப் படிப்பின் பகுதியாகத்தான் இருந்தன. ஆனால் அவை பரீட்சைக்கான பாடங்கள், தனித் தொழில் அல்ல. பக் 1943இல் சென்னையிலேயே இறந்தார். அந்த அடுத்த கேள்வி அப்படியே கிடந்தது.

4

அதே காலத்தில் அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? பல்கலைக்கழகத்திலிருந்து இல்லை. தைலம் விற்றவர்களிடமிருந்து.

நிஜமாகத்தான். கான்சாஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்ற சிற்றூரில் சக் கிராமர், ஃபிராங்க் கிராமர் என்று ரெண்டு சகோதரர்கள். சக், ஓட்டக்காரராக இருந்தபோது தன் கணுக்கால் சுளுக்குக்குத் தானே ஒரு தைலம் தயாரித்துப் பூசிக்கொண்டார். 1918இல் அதையே கம்பெனியாக்கிக் கல்லூரி அணிகளுக்கு விற்றார்கள். விற்கப் போன இடத்தில் எல்லாம், அணிகளோடு வாளியும் துண்டும் எடுத்துக்கொண்டு அலைகிற 'டிரெய்னர்'களைப் பார்த்தார்கள். மதிப்பில்லாத வேலை. தண்ணீர் கொடுப்பான், கால் பிடிப்பான், துணி துவைப்பான். அவர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தவும் பத்திரிகை அனுப்பவும் கிராமர் சகோதரர்கள் தொடங்கினார்கள். வியாபார தந்திரம்தான், ஆனாலும் அதில் ஒரு தொழில் பிறந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, 1917 வாக்கில், சாமுவேல் பிலிக் என்பவர் இந்த வேலைக்கென்றே ஒரு கையேடு எழுதியிருந்தார்.

1950இல் கான்சாஸ் சிட்டியில் கூடித் தேசிய அளவில் சங்கம் அமைத்தார்கள். அதற்குப்பின் நடந்ததைக் கவனியுங்கள், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் அதில்தான் இருக்கிறது. சங்கம் முதலில் செய்தது யார் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கத் தொடங்கியது. பிறகு பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ், ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஒரு மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது. 2015இல் இனி இந்தத் தொழிலுக்குள் நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2022க்குப் பிறகு இளங்கலையில் புதிதாக ஆள் சேர்ப்பதே நின்றது. வாளி தூக்கியவர் முதுகலை மாணவராக ஆவதற்கு ஒரு நூற்றாண்டு ஆனது.

இதில் எனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த நைஸ்மித் 1898இல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்த இடமும் கான்சாஸ்தான், அங்கே பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பொறுப்பு. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒரு கிளை கான்சாஸுக்குப் போனது, இன்னொரு கிளை மதராசுக்கு வந்தது. அங்கே போனவர் டாக்டராக இருந்தார். இங்கே வந்தவர் ஆசிரியராக இருந்தார். இந்த ஒரு காரணத்தால்தான் எல்லாம் மாறிப்போனது என்று சொல்ல மாட்டேன். அங்கே கல்லூரி ஃபுட்பாலில் பணம் இருந்தது, சாவும் இருந்தது. பணமும் சாவும் சேர்ந்தால் எந்தத் தொழிலும் சீக்கிரம் ஒழுங்காகும்.

5

சுதந்திரத்துக்குப்பின் நம் நாட்டில் என்ன நடந்தது? 1957இல் குவாலியரில் லட்சுமிபாய் பெயரில் உடற்கல்விக் கல்லூரி வந்தது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது, அது கோச்சுகளுக்கான இடம். அத்தோடு பி.டி. வாத்தியார் வேறு, கோச் வேறு என்றானது. இன்னொரு பக்கம் பிசியோதெரபி ஆஸ்பத்திரிக்குள் வளர்ந்தது. பக்கவாதம், எலும்பு முறிவு, இளம்பிள்ளைவாதம் பாதித்த குழந்தைகள். வேலை மலைபோல் கிடந்தது, மைதானத்துக்கு வர அவர்களுக்கு நேரம் ஏது?

ஆக, ஆசானின் ஒரு உடம்பு மூன்று ஆட்களாகப் பிரிந்தது. பள்ளியில் ஆசிரியர், மைதானத்தில் கோச், ஆஸ்பத்திரியில் பிசியோ. மூன்று பேரும் ஒருவரையொருவர் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. அடிபட்ட பிள்ளைதான் மூன்று இடத்துக்கும் நடக்க வேண்டும், அதுவும் நொண்டிக்கொண்டு.

மறுபடி சேர்த்தது கிரிக்கெட். 1987 முதல் பத்து வருடம் அலி இரானி இந்திய அணியின் பிசியோவாக இருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் மைதானத்துக்குள் ஓடுவதை தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு 'பிசியோ' என்ற சொல்லே அவரால்தான் வந்தது. 1999இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்ட்ரூ லைபஸ் வந்தார். பிறகு உடல்திறன் பயிற்சிக்கென்றே தனி ஆட்கள். இதில் தமிழ்நாட்டுப் பங்கு பெரியது. 2011 உலகக் கோப்பை வென்ற அணியின் உடல்திறன் பயிற்சியாளர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன். 2015 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்த சங்கர் பாசுவும் சென்னைக்காரர்தான், கோலியின் உடம்பு மாறிய கதையில் அவர் பெயர் தவறாமல் வரும். சிகிச்சைக்கு ஒருவர், பலத்துக்கு ஒருவர், இருவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில். கோடிகள் புரளும் இடத்தில் மூன்று கைகளும் சேர்ந்துவிட்டன.

மற்ற விளையாட்டுகளுக்கு மெதுவாக வந்தது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 2004இல் சட்டம் போட்டார்கள். இந்தத் துறைக்கென்று ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் என்பது சாதாரண விஷயமில்லை. 2025இல் ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு மதுரையிலும் நடந்தது. நம் ஊர் ரேஸ்கோர்ஸ் பக்கம் அத்தனை நாட்டுப் பிள்ளைகள். சர்வதேச ஹாக்கியில் அணி பெஞ்சில் பிசியோ இல்லாமல் ஆட்டம் பார்ப்பது அபூர்வம். அங்கிருந்து வில்லாபுரம் ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும்.

அதே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடிப் பழகித்தான் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். பாட்டி வளர்த்த பெண். ஷூ இல்லாமல் ஓடத் தொடங்கியவர். அவர் கதையைக் கேட்டு நாம் கண் கலங்குகிறோம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வேறொரு எண்ணம் வரும். அவரைப்போலவே வெறுங்காலில் ஓடத் தொடங்கி, பதினாறு வயதில் தொடைத் தசை கிழிந்து, பார்க்க ஆளில்லாமல் நின்றுபோன பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. காயத்தால் தோற்றவர்களை வரலாறு குறித்து வைப்பதில்லை.

6

'சுளுக்குதானே, இதுக்கு முதுகலை படிச்ச ஆள் வேணுமா' என்று கேட்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கணுக்கால். 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் ஒரு எளிய விதியை வெளியிட்டார்கள். அடிபட்டவரால் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்கால் மொழியின் பின் விளிம்பில் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நடக்க முடியவில்லை அல்லது எலும்பிலேயே வலி என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ரெண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படாது. மைதான ஓரத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இது தெரிந்த ஒருவர் இருந்தால் முறிந்த எலும்பை யாரும் உருவ மாட்டார்கள், சாதாரணச் சுளுக்குக்கு ஸ்கேன் செலவும் ஆகாது. அறிவும் மாறிக்கொண்டே இருக்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் மாற்றிச் சொன்னார். படிப்பைத் தொடர்கிற ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இரண்டு, வெயில். கோடை விடுமுறையில்தான் நம் ஊரில் டோர்னமெண்ட். மதுரை மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2001இல் அமெரிக்க ஃபுட்பால் வீரர் கோரி ஸ்டிரிங்கர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் இறந்தார். அதற்குப்பின் அங்கே இறுகிப்போன விதி: முதலில் குளிரவை, பிறகு வண்டியில் ஏற்று. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி ஆள் குழறினால், ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி அரைமணிக்குள் வெப்பத்தை இறக்க வேண்டும். நாம் என்ன செய்வோம்? மூஞ்சியில் தண்ணீர் தெளித்து, சோடா குடிக்கவைத்து, ஆட்டோ தேடுவோம்.

மூன்று, இதயம். 2023 ஜனவரியில் டமார் ஹாம்லின் என்ற வீரர் அமெரிக்காவில் ஆட்டத்தின் நடுவே மார்பில் அடிபட்டு இதயம் நின்று விழுந்தார். சில நொடிகளில் ஓடிப்போய் மார்பை அழுத்தத் தொடங்கியவர் அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெலிங்டன். ஹாம்லின் பிழைத்தார், திரும்ப ஆடவும் செய்தார். அதற்கு ஆறு மாதம் முன்னால், 2022 ஜூலையில், பண்ருட்டிப் பக்கம் கபடி ஆடிய இளைஞர் ஒருவர் பாடிப் போன இடத்தில் பிடிபட்டு விழுந்து, எழ முயன்று, சாய்ந்தார். இறந்துவிட்டார். அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அங்கே ஓடி வர ஒரு ஆள் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லத் தகுதி தேவையில்லை.

அதே வருடம் நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போய், இறுக்கமாகக் கட்டிய கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, உயிரையும் இழந்தார். மைதானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், வீட்டுக்கும் டாக்டருக்கும் நடுவில், அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் என்பது ஆடம்பரமா?

7

சரி, படிக்கிற பிள்ளைகள் நிலைமை?

எம்.பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 விதிகளின்படி ரெண்டு வருட மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 'அத்லெட்டிக் கேர் அண்ட் ரீஹாபிலிடேஷன்' என்று ஒரு தாளே இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் தெருப் பெண் சிரித்தாள். "பேரு பெருசாத்தாண்ணே இருக்கு. டேப் ஒட்டி நாங்க கையால செஞ்சு பாத்தது ரெண்டே ரெண்டு தடவ. மிச்சமெல்லாம் நோட்ஸ்தான்." பிசியோதெரபி படித்த தம்பிக்குப் பிரச்சினை நேர் எதிர். நாலரை வருடத்தில் கை நிறையப் பயிற்சி கிடைத்தது, எல்லாம் வார்டில். ஒரு ஆட்டக்காரன் எப்போது திரும்ப ஓடலாம், எப்போது திரும்பப் பாடிப் போகலாம் என்று முடிவு செய்வதை அவன் மைதானத்தில் பார்த்ததே இல்லை. முன்சிலுவை ஜவ்வு அறுவை சிகிச்சை செய்தவர் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறான். "ஆனா அஞ்சாவது மாசமே வந்து 'ஆடலாமா'ன்னு கேப்பாய்ங்க, அப்ப என்ன சொல்லி நிறுத்துறதுன்னு புத்தகத்துல இல்லையே" என்கிறான். இவனுக்குக் கை தெரியும், அவளுக்கு மைதானம் தெரியும்.

வேலை? 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள். பிறகு ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2021இல் 10,000 ரூபாயைத் தொட்டது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டார்கள். விசில் ஊதுகிற ஆளுக்கே இதுதான் கதி என்றால் கால் பார்க்கிற ஆளைப் பள்ளியில் போடச் சொல்லி யாரிடம் கேட்பது?

ஒரு கதவு திறந்திருக்கிறது. 2021இல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபி உட்படப் பல தொழில்களுக்கு இனி பதிவேடும் பொதுப் பாடத்திட்டமும் தரமும் வரும். கான்சாஸ்காரர்கள் 1950இல் தொடங்கியதை நாம் இப்போதுதான் தொடங்குகிறோம். ஒரு தொழிலுக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று வரையறை எழுதும் காலம் முக்கியமானது. மைதானத்தில் நிற்பதும் மருத்துவ வேலைதான் என்று அப்போதே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இன்னொரு ஐம்பது வருடம் பேர் இல்லாமல் அலைய வேண்டியதுதான். உடற்கல்விக்காரர்கள் தனியாகவும் பிசியோக்கள் தனியாகவும் கேட்டால் நடக்காது. தைலம் விற்றவரும் வாளி தூக்கியவரும் ஒரே அறையில் கூடியதால்தான் அங்கே நடந்தது.

எங்கள் ரெண்டு பேர் காத்திருக்கவில்லை. போன பொங்கலுக்கு எங்கள் பக்கம் நடந்த இரவு கபடி டோர்னமெண்டில், விழாக் கமிட்டியிடம் போய் நாங்கள் நிற்கிறோம் என்று கேட்டார்கள். கோப்பை, மைக் செட், பேனர், நடுவர் படி, பிரியாணி என்று செலவுக் கணக்கு நோட்டில் ஏற்கனவே எழுதியாயிற்று. கமிட்டி அண்ணன் ஒருவர் தயங்கினார். "ஏம்மா, பொம்பளப் பிள்ள, ராத்திரி நேரம்..." அவள் விடவில்லை. "நான் ஆடுன காலத்துல என் காலப் பாக்க ஆளில்லண்ணே. இவெய்ங்களுக்காவது இருக்கட்டும்." கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ரெண்டு பேரும் ஒரு பை, ஒரு வாளி ஐஸ், நாலு சுருள் டேப்போடு கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அன்று ராத்திரி ஏழு பேருக்குக் கட்டுப் போட்டார்கள். ஒருவனை நாலு அடி நடக்கச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. உருவ வந்த கைகளை விலக்கி, அட்டை வைத்துக் கட்டி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு விட்டிருந்தது. இப்போது அவன் நன்றாக நடக்கிறான். எப்போது ஆடலாம் என்று இந்த ரெண்டு பேரைத்தான் வாரம் ஒருமுறை வந்து கேட்கிறான்.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்களாம். பொருளாளர் நோட்டில் எழுதும்போது "என்னன்னு போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார். பிசியோ என்றால் அவள் பிசியோ இல்லை, டீச்சர் என்றால் அவன் டீச்சர் இல்லை, டிரெய்னர் என்றால் ஜிம்மா என்று கேட்பார்கள். அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டார்: 'கால் பாக்குறவங்க, 2 பேர், ரூ. 500.'